பத்து எண்ணும் நேரம்

காலையிலிருந்து ஆறு தடவை என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். இது ஏழாவது. ஒரு மனுஷனை ஒரே நாளில் இத்தனை தடவை காப்பாற்றலாமா, அதற்கு ஒரு வரைமுறை வேண்டாமா என்று யாரிடம் போய்க் கேட்பது. விலாவில் ஆறு தோள்கள் குத்திய வலியும் தனித்தனியாக இருக்கிறது, எது எந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்துத் தோள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். சிமெண்டுத் தரை முதலில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, நான் படுத்துப் படுத்து இப்போது அதற்கும் காய்ச்சல் கண்டுவிட்டது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த கேன்வாஸும் ரப்பரும் எலிப்புழுக்கையும் சேர்ந்த வாசனை, தண்ணீர்க் குழாய்ச் சுருள்கள் கிடக்கும் ஓஸ் அறைக்கென்றே உள்ளது, முப்பத்து மூன்று வருஷம் என் சட்டையிலும் இருந்தது. கல்யாணத்தன்று கழுத்து மாலையில் மல்லிகைக்குப் பதிலாக இதுதான் வீசியது, பெண் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டே அட்சதை போட்டார்கள் என்று ஒரு கதை சொல்லுவேன். பாதி நிஜம். மூக்கைப் பொத்தியது பெண் மட்டும்தான். ஜன்னலைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்கள், பக்கத்து அறையில் ஈர வைக்கோலைத் தகர டின்னில் போட்டுப் புகைய விட்டிருக்கிறார்கள், பேருக்குக் கொஞ்சம் புகை இங்கேயும் வருகிறது. எனக்கு மூக்கில் ஈரத் துண்டு. என்னைத் தேடி வருகிறவனுக்குப் புகை இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அவன் முகமூடிக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது, குருடனாகத்தான் வருவான். சுவரைத் தடவி, காலால் துழாவி, காதால் என்னைத் தேட வேண்டும். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் படுங்கள் என்றுதான் தேர்வு அதிகாரி சொன்னார். ஆறு தடவையும் ஓஸ் சுருள்களுக்கு நடுவிலும் அலமாரிக்கு அடியிலும் மாற்றி மாற்றிப் படுத்தேன். கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை. இப்போது ஏன் வந்து படுத்தேன் என்று தெரியவில்லை. இங்கே காற்று வரும் என்று நினைத்தேனோ. வரவில்லை.

நான் இன்றைக்கு வந்தது டீ குடிக்க. ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருஷம் ஆகிறது, நிலையத்தில் எது நடந்தாலும் ஒரு டீ எனக்கு உண்டு. முன்னணி தீயணைப்பாளர் சான்றிதழுக்கான தேர்வை எங்கள் நிலையத்தில் நடத்துவது இதுதான் முதல் தடவை, ஐந்து நிலையத்திலிருந்து ஏழு பேர். நிலைய அலுவலர் குணபாலன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. வாசல் கல்லுக்குச் சுண்ணாம்பு, மணல் வாளிக்குச் சிவப்புப் பெயிண்ட், ஷாமியானா, மைக், மேஜைக்கு வெள்ளைத் துணி, துணிக்கு மேல் பிளாஸ்டிக் ரோஜா. எல்லாம் செய்தவன் மாப்பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை என்பது மணல் அடைத்த சாக்கு மனுஷன், அறுபது கிலோ, எப்போதும் யாராவது தோளில் தூக்கிக்கொண்டு போவதால் அந்தப் பெயர். காலையில் அலமாரியைத் திறந்தால் எலிகள் மாப்பிள்ளையின் வயிற்றைத் தின்றிருந்தன, மணல் முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடந்தது. குணபாலன் மணலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டீ டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" "ஆள் மட்டுமா, கதையோட சேர்த்தா?" "ஆள் மட்டும் போதும் அண்ணாச்சி." "அம்பத்தெட்டு." "ரெண்டு குறையுதே." "வடையை இந்தப் பக்கம் தள்ளு, சரிக்கட்டிருவோம்." அப்படித்தான் எழுபத்தோரு வயதில் நான் மாப்பிள்ளை ஆனேன். தேர்வு அதிகாரி ஜெபமணி ஒல்லியான மனிதர், கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சும் அவரை விடக் கனமாக இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பெரியவரே, நீங்க பொணம் இல்ல, மயங்குன ஆள். மூச்சு விடலாம். அசையக் கூடாது, பேசக் கூடாது, இருமக் கூடாது. தேடி வர்றவனுக்கு எந்த ஒத்தாசையும் பண்ணக் கூடாது. பண்ணினா அவன் பெயில்." மூச்சு விடலாம். எவ்வளவு பெரிய மனது.

பெயரைக் கேட்டார். சிவனணைஞ்ச பெருமாள் என்றேன். எழுதிக்கொண்டே சிரித்தார். எல்லோரும் சிரிப்பார்கள். வேலைக்கு எடுத்த அன்று பெரிய அதிகாரி என் பெயரைப் படித்துவிட்டு, பெயரிலேயே அணைக்கிறான், உடற்தேர்வு எதற்கு, சட்டையைக் கொடுங்கள் என்றார் என்று நான் சொல்லுவேன், அது பொய், ஓட வைத்தார்கள், மூச்சு வாங்கிற்று. நிலையத்தில் எனக்கு வேறு பெயர். தீ என்று போன் வந்து, வண்டி மணியடித்துக்கொண்டு ஓடி, அங்கே போனால் தீயும் இல்லை திரியும் இல்லை என்றால் பதிவேட்டில் பொய் அழைப்பு என்று எழுத வேண்டும். அதுதான் என் பெயர். "பொய் அழைப்பு வந்தாச்சு, டீயைச் சொல்லு" என்பார்கள். ஓஸில் தண்ணீர் வந்த வேகத்தில் நான் தென்னை உச்சிக்குப் போய், அழுத்தம் குறைவதற்குள் நாலு இளநீர் பறித்துக்கொண்டு இறங்கிய கதை. கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்கும்போது அது என் பெயரைச் சொல்லி அழைத்த கதை. நம்பாதவனிடம், பெருமா என்றுதானே கூப்பிட்டது, கடைசி எழுத்து எருமைக்கு வராது என்பேன். இதெல்லாம் யாரையும் ஒன்றும் செய்யாத பொய். பிறகு பஞ்சுக் கிட்டங்கிக் கதை, பொதி அடுக்கும் கிடங்கு எரிந்த கதை. அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இன்று காலையிலும் லிங்கதுரை கேட்டான். "அண்ணாச்சி, கிட்டங்கித் தீயில இந்த வருஷம் எத்தனை பேரைத் தூக்கினீங்க? போன வருஷம் மூணு." "வெள்ளாட்டைச் சேர்த்தா, சேர்க்காமலா?" "உங்களைத் தூக்கிரலாம் அண்ணாச்சி, உங்க கதையைத் தூக்கத்தான் கிரேன் வரணும்." சிரித்தான். கண் சிரிக்கவில்லை. அவன்தான் ஏழாவது. அவன்தான் இப்போது வரப்போகிறான்.

லிங்கதுரை எங்கள் நிலையத்து ஆள், முப்பத்தெட்டு வயது, கல்லைக் கட்டி இழுக்கும் உடம்பு, ஆனால் பொறுமை கிடையாது. சோற்றை மென்று நான் பார்த்ததில்லை. இந்தத் தேர்வுக்கு மூன்று தடவைதான் விடுவார்கள். முதல் தடவை ஏணியில் தவறினான். இரண்டாம் தடவை இதே மாதிரி அறையில் சாக்கு மனுஷனை விட்டுவிட்டு வெளியே வந்து ஆள் இல்லை என்று கத்திவிட்டான். இன்றைக்கு விட்டால் கடைசி வரைக்கும் ஓஸைத்தான் சுருட்ட வேண்டும், அவனுக்குப் பின்னால் வந்தவன் அவனுக்கு விசில் ஊதுவான். அதனால்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னை ஓரம் கட்டினான். "அண்ணாச்சி, நான் உள்ள வந்து கூப்பிடுவேன்லா, அப்ப ஒரே ஒரு இருமல். சின்னதா." "ஜெபமணி காதுல விழுந்தா?" "உங்களுக்கு எப்பவும் இருமல்தானே. யாரு கண்டா." "நான் இன்னைக்கு மயங்குன ஆளு வேய்." "ஆயுசெல்லாம் பொய் சொன்னீங்க. எனக்காக ஒண்ணு சொல்லக் கூடாதா?" நியாயமான கேள்வி. பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் அவனுக்குச் சரி என்று கேட்டிருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் நிஜம் கேட்டு நான் பொய் சொன்னேன், பொய்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவன் இவன் ஒருத்தன். இருமினால் என்ன. தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இவன் நாளைக்கு ஒரு நிஜ அறைக்குள் போவான். அங்கே கிடக்கிறவனிடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் முன்கூட்டியே சொல்லி வைக்க முடியுமா. முழங்கால் வலிக்கிறது. காலை நீட்டலாமா. அசையக் கூடாது. எறும்பு ஒன்று மணிக்கட்டில் ஏறுகிறது, அதற்கு நான் மயங்கினவனா செத்தவனா என்று சந்தேகம் போல, நின்று நின்று போகிறது.

விசில். ஆரம்பித்தாயிற்று. ஏழு நிமிஷம்தான் கெடு. முதலில் பக்கத்து அறை. பூட்ஸ் இழுபடுகிறது, எதையோ உதைக்கிறான், டின்னாக இருக்கும். மெதுவாகப் போடா. முதுகுச் சிலிண்டரிலிருந்து காற்று இழுக்கிற சத்தம் புஸ் என்று போய்க் கர் என்று வருகிறது, மூக்கடைத்த மாடு மாதிரி. முகமூடி போட்டால் நம் மூச்சு நம் காதுக்குள்ளேயே ஆலை ஓட்டும், வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. அதனால்தான் எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு, யார் கொண்டுவந்தது என்று தெரியாது, நான் சேர்ந்தபோதே இருந்தது. ஒவ்வொரு அறையிலும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் மூச்சைப் பிடிக்க வேண்டும். மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். நம் மூச்சு நின்றால்தான் அடுத்தவன் மூச்சு கேட்கும். பத்துக்குப் பிறகு ஆள் இருக்கு, இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று வெளியே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அந்தக் குரலை நம்பித்தான் வெளியே இருப்பவன் கூரையை இடிப்பான், தண்ணீரை முழுசாகத் திறப்பான். பத்து என்பது சின்ன எண்ணிக்கைதான், டீயை ஆற்றுகிற நேரம்கூட இல்லை. ஆனால் தலைக்கு மேலே தகரம் முனகும்போது, முதுகில் சூடு நக்கும்போது, பத்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பஞ்சுக் கிட்டங்கியில் நான் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சு எரிவதில் சத்தம் கிடையாது, அதுதான் அதன் மோசடி, பொதிக்குள்ளேயே கங்காக நகரும், வெளியே வெள்ளையாகச் சிரிக்கும். கிட்டங்கி ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றார்கள். வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. சுடலைமுத்து செருப்பு மாதிரி இருக்கிறது என்றான் ஒருத்தன். சுடலைமுத்து பொதி எண்ணுகிறவர், அந்தத் தெருவில் போகிற எல்லோருக்கும் அவர் குரல் தெரியும், ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம், ரெண்டு, மூணு என்று பாட்டு மாதிரி இழுத்து எண்ணுவார். நான்தான் உள்ளே போனேன். யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட்டேன். மூச்சைப் பிடித்தேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. மேலே தகரம் பிளக்கிற சத்தம். ஆள் இல்லை என்று கத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான். மறுநாள் நனைந்த பஞ்சை அள்ளும்போது கதவுக்குப் பின்னால் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார், முழங்காலைக் கட்டிக்கொண்டு. நான் போவதற்கு முன்னாலேயே புகையில் போயிருப்பார் என்று காகிதத்தில் எழுதினார்கள். போயிருப்பார் என்றுதான் எழுதினார்கள், போய்விட்டார் என்று எழுதவில்லை, அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தடவை திருப்பிப் படித்தேன் தெரியுமா. அவர் செத்தது ஊருக்கே தெரியும். நான் நாலோடு நிறுத்தியது யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருத்தன், அண்ணாச்சி உள்ள போய் யாரையாவது தூக்கினீங்களாமே என்றான். யார் அவனுக்குச் சொன்னது. ஒருத்தரை என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. மறுவருஷம் இரண்டு ஆனது. பிறகு மூன்று, ஒரு வெள்ளாடு. பொய் பெருக்கப் பெருக்க அந்த ஒருத்தர் சின்னதாகிவிடுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

கதவு என் தோளில் இடிக்கிறது. வந்துவிட்டான். நிலைப்படியில் நிற்கிறான், கதவு முழுசாகத் திறக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும், ஏன் திறக்கவில்லை என்று கேட்கத் தெரிய வேண்டும். தெரியவில்லை. உள்ளே போகிறான். வலது கை சுவரில் சரசரக்கிறது, இடது கால் துழாவுகிறது, ஓஸ் சுருளில் முட்டிக்கொள்கிறான், அலமாரிக்கு அடியில் கை விடுகிறான். நல்ல பிள்ளை. மூன்று சுவரையும் முடித்துவிட்டான். நாலாவது சுவரில் கதவு இருக்கிறது, திறந்த கதவைத் தடவிச் சுவர் என்று நினைத்துவிட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு அங்குலப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறான், முகமூடிக்குள்ளிருந்து குரல் கிணற்றில் விழுந்தவன் குரல் மாதிரி வருகிறது. "யாராவது இருக்கீங்களா?" இருமலுக்குக் காத்திருக்கிறான். தெரிகிறது எனக்கு. புஸ்ஸும் கர்ரும் சட்டென்று நின்றன. அறை முழுக்க ஒன்றுமே இல்லாமல் ஆயிற்று. லாபம். ஏன் லாபம் என்று ஆரம்பிக்கிறேன். ரெண்டு. தொண்டையில் இருமல் எழுந்து நிற்கிறது, உட்கார். மூணு. தகரம் எதுவும் முனகவில்லை, இது ஓட்டுக் கட்டடம், வெளியே ஷாமியானாவில் யாரோ ஸ்பூனைக் கீழே போடுகிறார்கள். நாலு. இதோ இப்போது மூச்சு விடுவான், இதோ கர் என்று வரும், ஆள் இல்லை என்பான், நானும் இதே இடத்தில்தான், இதே நாலில்தான். அஞ்சு. விடவில்லை. லிங்கதுரை, சோற்றை மெல்லாத பயல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆறு. எண்ணுகிறான், நிஜமாகவே எண்ணுகிறான். ஏழு. எனக்கு ஆறு தெரியாது, ஏழு தெரியாது, அங்கே நான் போனதே இல்லை. எட்டு. நெஞ்சு ஏன் வெடிக்கிற மாதிரி இருக்கிறது. ஒன்பது. நான் மூச்சு விடவில்லை. அட, நானும் அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டல்லவா கிடக்கிறேன். ஆறு பேரும் என்னைக் கண்டுபிடித்தது இந்த ரைஸ்மில் மூச்சை வைத்துத்தான், இவனுக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவன் நிறுத்தினான் என்று நானும் நிறுத்தினேன். அப்படியானால் சுடலைமுத்து. எண்ணியே பழகின மனுஷன். கதவுக்கு அந்தப் பக்கம் என் மூச்சு நின்றதும், இதோ காதுகொடுக்கிறான் என்று அவரும் மூச்சைப் பிடித்திருப்பாரோ. லாபம், ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் அஞ்சைத் தனியாக எண்ணினாரோ. பத்து. லிங்கதுரையின் பூட்ஸ் வாசலுக்குத் திரும்புகிறது. வாயைத் திறக்கிறான், முகமூடி ரப்பர் நெகிழ்கிற சத்தம்கூடக் கேட்கிறது. ஆ என்கிறான். ஆள் என்பதில் முதல் எழுத்து. விட்டேன். இருமவில்லை. மூச்சைத்தான் விட்டேன், முப்பத்தொரு வருஷத்து மூச்சு, சளியும் விசிலுமாக ஆலைச் சங்கு மாதிரி போயிற்று.

பூட்ஸ் நின்றது. கதவு என்மேலிருந்து விலகிற்று. ஒரு கை வந்து என் முகத்தின்மேல் விழுந்தது, மூக்கைத் தடவி, துண்டைத் தடவி, மார்பில் வந்து நின்றது. "ஆள் இருக்கு!" ஏழு தடவையும் இதைக் கேட்டுவிட்டேன், இந்தத் தடவை கண்ணைத் திறந்து யாரைச் சொல்கிறான் என்று பார்க்கத் தோன்றிற்று. தூக்கினான். ஏழாவது தோள். விலா அதையும் வாங்கிக்கொண்டது. வெயில் தலைகீழாக வந்தது, சுண்ணாம்பு அடித்த கல் தலைகீழாக வந்தது, பிளாஸ்டிக் ரோஜா வந்தது, முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னைக் கிடத்தினான். ஜெபமணி வாட்சைப் பார்த்தார். "ஆறு நிமிஷம் நாப்பது." பிறகு குனிந்து என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக. "பெரியவரே, கடைசியில ஒரு சத்தம் வந்துதே. என்ன சைகை குடுத்தீங்க?" லிங்கதுரை முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான், முகம் கொதித்த பாத்திரம் மாதிரி இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. "மூச்சு விட்டேன் சார்" என்றேன். "அது விடலாம்" என்று சொல்லிவிட்டு எழுதினார். தேறிவிட்டான். குணபாலன் மைக்கில் ஏதோ சொல்ல, அது கீச்சென்று கத்தியது. லிங்கதுரை குனிந்து என்னை எழுப்புகிற சாக்கில் காதருகே சொன்னான். "இருமவே இல்லையே அண்ணாச்சி." "இல்ல." "பத்து முடிஞ்சு போச்சு. வாயைத் திறந்துட்டேன்." "கேட்டுச்சு." நான் எழுந்திருக்கவில்லை, எழுந்து என்ன செய்ய, தரை இங்கே ஷாமியானா நிழலில் குளிர்ச்சியாக இருந்தது. டீ வந்தது. நாற்காலிகள் என்னைச் சுற்றி நெருங்கின, தேர்வு முடிந்த ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள், வெளியூர்ப் பையன்களுக்குக் காட்டுவதற்காகக் குணபாலன் ஆரம்பித்தான். "ஏழு தடவை உங்களைத் தூக்கியாச்சு அண்ணாச்சி. இப்ப நீங்க சொல்லுங்க. பஞ்சுக் கிட்டங்கியில எத்தனை? போன வருஷம் மூணு." எல்லோரும் பார்த்தார்கள். ஜெபமணிகூடப் பேனாவை மூடி வைத்தார். வாய் வழக்கம்போல ஒரு எண்ணைத் தேடிக்கொண்டு போயிற்று. கிடைத்தது வேறு. "நாலு" என்றேன். "நாலு வரைக்கும்தான் எண்ணினேன்." சிரிப்பு கிளம்பிற்று. "பாத்தீங்களா, வருஷத்துக்கு ஒண்ணு கூடும்" என்று குணபாலன் தொடையில் தட்டினான். "அதுக்கு மேல எண்ண முடியலையாம்யா, அவ்வளவு கூட்டம்" என்றான் ஒருத்தன். ஆடு அதில் உண்டா என்றான் இன்னொருத்தன். சிரிக்கட்டும், நான் பழக்கி வைத்த சிரிப்புதான். லிங்கதுரை மட்டும் சிரிக்கவில்லை. டம்ளர் அவன் வாய்க்குப் போகிற வழியில் நின்றிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அஞ்சு, ஆறு என்று எண்ணுகிறானோ என்னவோ. இனி எனக்குத் தடை ஒன்றும் இல்லை, விசில் ஊதியாயிற்று. அவனைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை, சின்னதாக, இருமினேன்.